தசைச் சுருக்கம் கற்பித்தலும் மதிப்பிடுதலும்

தசைச் சுருக்கம் கற்பித்தல் என்பது எலும்புத் தசை எவ்வாறு இழுவிசையை உண்டாக்குகிறது என்பதை உயிரியல் வகுப்பில் விளக்குவதையும், மாணவர் அதனை விளங்கிக்கொண்டனரா எனச் சோதிப்பதையும் குறிக்கும். இந்தியாவில் இது 11 ஆம் வகுப்புப் பாடத்தில் இடப்பெயர்ச்சி, இயக்கம் ஆகியவற்றோடு சேர்த்துக் கற்பிக்கப்படுகிறது. இலங்கையின் உயர்தர உயிரியலிலும், பிரித்தானியாவின் உயர்நிலைப் பாடத்திட்டங்களிலும் இதற்கு இடமுண்டு. 1954 ஆம் ஆண்டில் முன்வைக்கப்பட்ட சறுக்கும் இழைக் கோட்பாடே இப்பாடத்தின் கரு ஆகும்.

தசை குறுகுகிறது, ஆனால் அதனுள் இருக்கும் இழைகளில் எதுவும் குறுகுவதில்லை. கோட்பாட்டை இந்த ஒரு வரியில் சொல்லிவிடலாம். எனினும் பாடத்தின் எல்லாச் சொற்களையும் மனப்பாடமாக ஒப்பிக்கும் மாணவர் பலர், இவ்வரி எதனைக் குறிக்கிறது என்று கேட்டால் தடுமாறுவர். பன்னிரண்டு படிகளை வரிசை மாறாமல் எழுதி முழு மதிப்பெண் பெற்ற ஒருவரே, சுருங்கிய தசையில் ஏ பட்டையின் நீளம் என்னவாகும் என்ற வினாவுக்கு "குறையும்" என்று விடையளிப்பது அரிதன்று. இப்பாடத்தைக் கற்பிப்பதிலும் தேர்வு வைப்பதிலும் உள்ள சிக்கல் இதுவே ஆகும்.

சொற்களால் வரும் இடர்

தமிழில் "சுருக்கம்" என்ற சொல் குறுகுதலையே குறிக்கும். நனைந்த துணி சுருங்குகிறது, கயிற்றில் சுருக்கு விழுகிறது, நீண்ட கட்டுரையைச் சுருக்கி எழுதுகிறோம். ஆனால் உடலியங்கியலில் தசைச் சுருக்கம் என்பது தசை இழுவிசையை உண்டாக்கும் நிலையைக் குறிக்கும். நீளம் குறைவது அதற்குக் கட்டாயம் அன்று. நிறைகுடத்தை இடுப்பில் அசையாமல் தாங்கி நிற்பவரின் கைத்தசை சுருங்கிய நிலையிலேயே உள்ளது, அதன் நீளமோ மாறவில்லை. இது சமநீளச் சுருக்கம் எனப்படும். அக்குடத்தை மெல்ல இறக்கி வைக்கும்போது தசை விசையை உண்டாக்கிக்கொண்டே நீள்கிறது. நீளும்போதும் "சுருக்கம்" என்று கூறுவது மாணவருக்கு வியப்பளிக்கும். ஆகவே பாடத்தின் தொடக்கத்திலேயே இதனைத் தெளிவாக்கிவிடுதல் நன்று.

இரண்டாவது இடர் "நார்", "இழை" என்னும் சொற்களால் வருகிறது. "தசைநார்" என்பதைச் சில நூல்கள் தசை உயிரணுவுக்கும், வேறு சில நூல்கள் தசையை எலும்போடு பிணைக்கும் பகுதிக்கும் வழங்குகின்றன. இக்கட்டுரையில் தசைநார் என்பது ஒற்றைத் தசை உயிரணுவைக் குறிக்கும். எலும்போடு பிணைப்பது தசைநாண் ஆகும். தசைநாருக்குள் நெடுகக் கிடப்பவை நுண்நார்கள். நுண்நாருக்குள் இருக்கும் புரதக் கோவைகள் மட்டுமே இழைகள் எனப்படும். எது எதனுள் இருக்கிறது என்பது குழம்பினால், "இழைகள் குறுகுவதில்லை" என்ற வரியும் பொருளிழந்துவிடும்.

மூன்றாவது இடர் தமிழ் எழுத்துக்கே உரியது. தசைக்கு ஆற்றல் தரும் சேர்மம் அடினோசின் முப்பாஸ்பேட்டு. அது சிதைந்தால் கிடைப்பது அடினோசின் இருபாஸ்பேட்டு. இவற்றின் ஆங்கில முதலெழுத்துகளைத் தமிழ்நாட்டு வழக்கப்படி எழுதினால் இரண்டும் "ஏ.டி.பி." என்றே வரும். இலங்கை வழக்கில் முன்னது "ஏ.ரி.பி." என எழுதப்படுவதால் அங்கு இக்குழப்பம் இல்லை. ஒன்று மற்றொன்றாக மாறுவதே பாடத்தின் மையமாக இருக்க, இரண்டிற்கும் ஒரே பெயர் இருப்பது பொருந்தாது. எனவே இங்கு முப்பாஸ்பேட்டு, இருபாஸ்பேட்டு என்றே எழுதப்படுகிறது.

கற்பிக்கப்படும் அமைப்பு

நுண்நாரின் அடிப்படை அலகு சார்கோமியர் ஆகும். இரு இசட் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதி ஒரு சார்கோமியர் ஆகும். அதன் நடுவில் மையோசினால் ஆன தடித்த இழைகள் அடுக்கப்பட்டுள்ளன. ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1.6 மைக்ரோமீட்டர் நீளமுடையது. சுமார் 300 மையோசின் மூலக்கூறுகளைக் கொண்டது. இரு பக்கத்து இசட் கோடுகளிலிருந்தும் ஆக்டினால் ஆன மெல்லிய இழைகள் நடுவை நோக்கி நீண்டுள்ளன. தவளைத் தசையில் இவை ஒவ்வொன்றும் ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர் நீளமுடையவை. தடித்த இழை பரவியுள்ள பகுதி முழுவதும் ஏ பட்டை, மெல்லிய இழை மட்டும் உள்ள பகுதி ஐ பட்டை, ஏ பட்டையின் நடுவே தடித்த இழை மட்டும் உள்ள பகுதி எச் மண்டலம் எனப்படும்.

இவ்வெழுத்துகளுக்குக் காரணம் உண்டு. முனைவாக்கப்பட்ட ஒளியில் திசைக்குத் திசை வேறுபட்டுத் தோன்றும் பட்டைக்கும், அவ்வாறு தோன்றாத பட்டைக்கும் உரிய ஐரோப்பியச் சொற்களின் முதலெழுத்துகளே ஏ, ஐ ஆகும். இசட் என்பது இடைத்தட்டு எனப் பொருள்படும் செருமானியச் சொல்லிலிருந்து வந்தது. இதனைச் சொல்லிக் கொடுத்தால் எழுத்துகள் மாணவர் நினைவில் எளிதாகத் தங்கும்.

சுருக்கத்தைத் தொடங்கி வைப்பது நரம்பு ஆகும். இயக்க நரம்பின் முனையில் அசிட்டைல்கோலின் வெளிப்பட்டு, தசைநாரின் சவ்வில் மின் கிளர்ச்சியை உண்டாக்குகிறது. அக்கிளர்ச்சி குறுக்குக் குழல்கள் வழியாக உள்ளே இறங்கி, சார்கோபிளாச வலையில் சேமித்து வைக்கப்பட்ட கால்சியம் அயனிகளை வெளிவிடச் செய்கிறது. கால்சியம், மெல்லிய இழையிலுள்ள ட்ரோபோனினோடு இணைகிறது. அதனால் ட்ரோபோமையோசின் சற்று விலகி, ஆக்டினில் மையோசின் தலை பற்றும் இடங்கள் திறக்கின்றன. எலும்புத் தசையில் கால்சியம் ஒரு சாவியைப் போன்றது. இழுக்கும் வேலையை அது செய்வதில்லை. "கால்சியம் மையோசினோடு இணைந்து அதனை இழுக்கிறது" என்பது விடைத்தாள்களில் வழக்கமாகக் காணப்படும் பிழையாகும்.

கோட்பாடு வந்த வழி

வரலாற்றைப் பாடத்தின் ஓரத்தில் பெட்டிச் செய்தியாக வைப்பது வழக்கம். இப்பாடத்தைப் பொறுத்தவரை அதனை நடுவில் வைப்பதே பயனுடையது. ஏனெனில் மாணவர் செய்யும் பிழைகள் சிலவற்றை அறிஞர்களும் ஒரு காலத்தில் உண்மை என நம்பியிருந்தனர்.

நரம்பின் வழியாக ஏதோ ஒரு பொருள் வந்து தசையை ஊதிப் பெருக்கச் செய்கிறது என்பது பழைய ஐரோப்பியக் கருத்து. 17 ஆம் நூற்றாண்டில் நெதர்லாந்தைச் சேர்ந்த யான் சுவாமர்டாம் தவளையின் தசையை மூடிய கண்ணாடிக் கலத்தில் வைத்து, அதன் நுண்குழலில் ஒரு துளி நீரை நிறுத்தி, நரம்பைத் தூண்டினார். தசை சுருங்கியது, துளியோ மேலெழவில்லை. தசை பருமனில் கூடவில்லை, வடிவத்தில் மட்டுமே மாறுகிறது என்பது இதனால் புலனாயிற்று. கையை மடக்கும்போது புடைக்கும் புயத்தைப் பார்த்துத் தசை பெருக்கிறது என்று சொல்லும் மாணவருக்கு இதைவிடச் சிறந்த மறுமொழி இல்லை.

20 ஆம் நூற்றாண்டின் முற்பாதியில், மையோசின் என்ற நீண்ட புரதமே மடிந்து குறுகுகிறது என்ற கருத்து நிலவியது. 1939 இல் சோவியத் ஒன்றியத்தைச் சேர்ந்த எங்கெல்கார்ட், லியுபிமோவா இருவரும் மையோசின் தானே முப்பாஸ்பேட்டைச் சிதைக்கும் நொதியாகவும் உள்ளது எனக் காட்டினர். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கேரியின் செகெட் நகரில் ஆல்பர்ட் சென்ட்-ஜியார்ஜியின் ஆய்வகத்தில் இலோனா பாங்கா, புரூனோ ஸ்ட்ராவுப் ஆகியோர் பணியாற்றினர். ஆக்டின் என்ற இரண்டாவது புரதம் அங்குத்தான் பிரித்தெடுக்கப்பட்டது. இவ்விரு புரதங்களும் சேர்ந்த நூலின் மீது முப்பாஸ்பேட்டை ஊற்றியதும் நூல் சுருங்கியது. உயிரற்ற நூல் கண்ணெதிரே அசைந்ததைக் கண்டதே தம் ஆய்வு வாழ்வின் பெருங்கிளர்ச்சி எனச் சென்ட்-ஜியார்ஜி பின்னாளில் நினைவுகூர்ந்தார்.

1954 மே மாதத்தில் "நேச்சர்" இதழில் இரு கட்டுரைகள் அடுத்தடுத்து வெளியாயின. ஒன்றை ஆண்ட்ரூ ஹக்சிலியும் ரோல்ஃப் நீடர்கெர்க்கேயும், மற்றொன்றை ஹியூ ஹக்சிலியும் ஜீன் ஹேன்சனும் எழுதியிருந்தனர். இரு ஹக்சிலிகளும் உறவினர் அல்லர். முதற் குழு தவளையின் உயிருள்ள தசைநாரையும், இரண்டாம் குழு முயல் தசையிலிருந்து பிரித்த நுண்நாரையும் வெவ்வேறு வகை நுண்ணோக்கிகளால் ஆராய்ந்தன. தசை நீண்டாலும் குறுகினாலும் ஏ பட்டையின் அகலம் மாறவில்லை என்பதை இரண்டு குழுக்களும் கண்டன. ஐ பட்டையும் எச் மண்டலமும் மட்டுமே மாறின. முந்திய ஆண்டில் ஹேன்சனும் ஹியூ ஹக்சிலியும் மையோசினைக் கரைத்து வெளியேற்றியபோது ஏ பட்டையின் கருமை மறைந்ததைக் காட்டியிருந்தனர். ஆகவே மையோசின் இருப்பது ஏ பட்டையில். ஏ பட்டை குறுகவில்லை. எனவே மையோசின் இழை குறுகவில்லை. ஒன்றின்மேல் ஒன்று இழைகள் சறுக்குகின்றன என்பதே எஞ்சிய விளக்கம்.

ஏ பட்டை மாறாதிருப்பதை 19 ஆம் நூற்றாண்டு நுண்ணோக்கியாளர் சிலரும் கண்டிருந்தனர் என்பதும், அது பின்னர் மறக்கப்பட்டது என்பதும் குறிப்பிடத்தக்கவை. இதனை எடுத்துக்காட்டியவரும் ஆண்ட்ரூ ஹக்சிலியே ஆவார்.

கோட்பாட்டிற்கு வலுவான அளவுச் சான்று 1966 இல் கிடைத்தது. கார்டன், ஆண்ட்ரூ ஹக்சிலி, ஜூலியன் ஆகியோர் தவளைத் தசைநாரின் சார்கோமியர் நீளத்தை மாற்றி மாற்றி விசையை அளந்தனர். நீளம் ஏறத்தாழ 2.0 முதல் 2.2 மைக்ரோமீட்டர் வரை இருக்கையில் விசை உச்சத்தில் இருந்தது. அதற்குமேல் இழுக்க இழுக்க நேர்கோடாகக் குறைந்து, ஏறத்தாழ 3.65 மைக்ரோமீட்டரில் இல்லாமற் போனது. தடித்த இழை 1.6, இரு மெல்லிய இழைகளும் சேர்ந்து 2.0, ஆக மொத்தம் 3.6 என்று கூட்டிப் பார்த்தால், இழைகள் ஒன்றையொன்று விட்டு விலகும் இடம் அதுவே என்பது தெரியவரும். எஞ்சிய சிறு வேறுபாட்டுக்கு இசட் கோட்டின் தடிப்புக் காரணமாகும்.

இழைகள் சிறிதும் மாறுவதில்லை என்பதும் முழு உண்மையன்று. முழு விசையில் அவை மிகச் சிறிதளவு நீளுகின்றன என 1994 இல் ஊடுகதிர் ஆய்வுகள் காட்டின. மாணவர் எண்ணுவதற்கு இது நேர்மாறானது என்பதைக் கவனிக்க வேண்டும்.

முப்பாஸ்பேட்டு எதற்காக?

"முப்பாஸ்பேட்டு ஆற்றலைத் தருகிறது, அதனால் தசை சுருங்குகிறது" என்று எழுதினால் அது பிழையன்று, ஆயினும் எதையும் விளக்குவதாகாது. மையோசின் தலையின் சுற்றை ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தால் இது தெளிவாகும்.

ஆக்டினைப் பற்றியிருக்கும் தலையோடு முப்பாஸ்பேட்டு வந்து இணைந்ததும் தலை ஆக்டினை விட்டுவிடுகிறது. விடுபட்ட நிலையில் முப்பாஸ்பேட்டு இருபாஸ்பேட்டாகவும் பாஸ்பேட்டாகவும் பிளவுபடுகிறது. அந்த ஆற்றலால் தலை மேலேறி, நாண் ஏற்றிய வில் போல நிற்கிறது. கால்சியத்தால் இடம் திறந்திருந்தால் தலை ஆக்டினில் சற்றுத் தள்ளிய புதிய இடத்தைப் பற்றுகிறது. பாஸ்பேட்டு வெளியேறும்போது தலை வளைந்து மெல்லிய இழையைச் சில நானோமீட்டர் தொலைவு இழுக்கிறது. இருபாஸ்பேட்டும் வெளியேறியபின் தலை இறுகப் பற்றியபடியே, அடுத்த முப்பாஸ்பேட்டு வரும் வரை காத்திருக்கும்.

ஆகவே முப்பாஸ்பேட்டுக்கு இரு பணிகள் உண்டு. அது இணைவது பற்றிய பிடியை விடுவிக்கிறது. பிளவுபடுவது அடுத்த இழுப்புக்குத் தலையை ஆயத்தம் செய்கிறது. மூன்றாவதாக, கால்சியத்தை மீண்டும் சார்கோபிளாச வலைக்குள் ஏற்றும் பம்புக்கும் அது வேண்டும். தளர்வது ஓய்வுதானே, அதற்கு ஆற்றல் எதற்கு என்று மாணவர் எண்ணுவர். தளர்வதற்கும் தசை செலவிட வேண்டியுள்ளது.

இறந்த உடல் சில மணி நேரத்தில் விறைத்துப்போவது இதற்குக் கண்கூடான சான்று. ஆற்றல் இல்லாவிட்டால் தசை தளர்ந்துதானே போகவேண்டும்? நிகழ்வது அதன் மறுதலை. முப்பாஸ்பேட்டு தீர்ந்தபின் தலைகள் ஆக்டினை விட முடியாமல் பூட்டிக்கொள்கின்றன. பிறகு புரதங்கள் சிதையத் தொடங்கும்போது விறைப்பு நீங்குகிறது. பிடித்துச் சில மணி நேரமே ஆன மீன் பலகைபோல் விறைத்திருப்பதை மீன் வாங்கும் எவரும் அறிவர். இந்த ஒரு வினாவுக்குச் சரியாக விடையளிக்கும் மாணவர் சுற்றை விளங்கிக்கொண்டவர் எனத் துணியலாம்.

வகுப்பறை ஒப்புமைகள்

இரு கைகளின் விரல்களையும் ஒன்றினிடையே ஒன்றாகக் கோத்து உள்ளே தள்ளிக் காட்டுவது பரவலான முறை. முழங்கைகளுக்கு இடையிலான தொலைவு குறைகிறது, விரல்களின் நீளம் மாறவில்லை. செலவில்லாத இந்த முறை சறுக்குதலைத் தெளிவாகக் காட்டிவிடும். ஆனால் எது இழுக்கிறது என்பதை இது காட்டாது. விரல்களைத் தள்ளுவது தோள்களாக இருப்பதால், தசை வெளியிலிருந்து தள்ளப்படுகிறது என்ற எண்ணமும் எழக்கூடும்.

மையோசின் தலைகளைப் படகின் துடுப்புகளுக்கு ஒப்பிடுவது பாடநூல்களில் காணப்படும் மற்றொரு முறை. இது ஒரு தவறான கருத்தை விதைக்கிறது. துடுப்புகள் ஒரே தாளத்தில் போடப்படுபவை. தலைகள் அவ்வாறு ஒருங்கே இயங்குவதில்லை. எல்லாத் தலைகளும் ஒரே கணத்தில் விட்டுவிட்டால் இழை நழுவிப் பின்னே போய்விடும்.

கிணற்றில் கயிறு இழுத்து நீர் இறைப்பது இதைவிடப் பொருத்தமான ஒப்புமை எனலாம். ஒரு கை பிடித்திருக்கும்போதே மற்றொரு கை விட்டு, முன்னே சென்று புதிய இடத்தைப் பற்றுகிறது. கயிறு நீளம் குறைவதில்லை, கையும் குறைவதில்லை; வாளி மேலே வருகிறது. இரு கைகளும் விட்டால் வாளி விழும். இரு கைகளும் விடாமல் இறுகப் பிடித்துக்கொண்டால் கயிறு அசையாது, விறைத்த உடலின் நிலை அதுவே. முப்பாஸ்பேட்டு இல்லாத கை என்று இதனைச் சொன்னால் வகுப்பு உடனே புரிந்துகொள்ளும். இறைப்பவருக்கு இரண்டே கைகள், தடித்த இழைக்கோ நூற்றுக்கணக்கான தலைகள் என்ற வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். ஒரு தலைக்கு மற்றத் தலையோடு பேச்சுவார்த்தை ஏதும் கிடையாது. எண்ணிக்கை மிகுதியால்தான் இழை எப்போதும் பிடிபட்டே இருக்கிறது.

செய்முறைகள்

தவளையின் கெண்டைக்கால் தசையையும் அதன் நரம்பையும் எடுத்து, புகைபூசிய உருளையில் சுருக்கத்தைப் பதிவு செய்வது நெடுங்காலம் கல்லூரிச் செய்முறையாக இருந்தது. 2014 இல் இந்தியாவின் பல்கலைக்கழக மானியக் குழு விலங்கியல் படிப்புகளில் விலங்குகளை அறுப்பதைக் கைவிடுமாறு பணித்தபின், கணினி மாதிரிகள் அதன் இடத்தைப் பிடித்தன. தவளைகளுக்கு இது நன்மையே. கணினியில் ஒவ்வொரு முறையும் ஒரே வரைபடம் வருவதால், களைத்த தசை எவ்வாறு தாறுமாறாக நடந்துகொள்ளும் என்பதை மாணவர் காண வாய்ப்பில்லை.

பள்ளி அளவில் செய்யக்கூடிய சிறந்த செய்முறை, கிளிசராலில் பதப்படுத்திய முயல் தசையைக் கொண்டது. சென்ட்-ஜியார்ஜி 1949 இல் உருவாக்கிய முறை இது. கிளிசரால் உயிரணுச் சவ்வுகளின் தடையை அழித்துவிடுகிறது, இழைகளை மட்டும் விட்டுவைக்கிறது. தசையை ஊசியால் மிக மெல்லிய கீற்றுகளாகப் பிரித்து, கண்ணாடித் தகட்டில் வைத்து, அளவுகோலால் நீளத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும். பின்னர் ஒரு கீற்றின்மீது பொட்டாசியம், மக்னீசியம் உப்புக் கரைசல் மட்டும், மற்றொன்றின்மீது முப்பாஸ்பேட்டு மட்டும், மூன்றாவதன்மீது இரண்டும் விட்டு, ஒரு நிமிடத்திற்குள் மீண்டும் அளக்க வேண்டும். மூன்றாவது கீற்றே நன்கு குறுகும். மையோசின் பயன்படுத்துவது மக்னீசியத்தோடு கூடிய முப்பாஸ்பேட்டை என்பதால் இவ்வாறு நிகழ்கிறது. கீற்று தடித்திருந்தால் கரைசல் உள்ளே செல்லாது. பெரும்பாலான தோல்விகளுக்கு இதுவே காரணம்.

"நரம்பும் இல்லை, கால்சியமும் சேர்க்கவில்லை, எப்படிச் சுருங்கியது?" என்று ஒரு மாணவராவது கேட்கவேண்டும். கேட்காவிட்டால் ஆசிரியரே கேட்கலாம். நீரிலும் உப்புகளிலும் சிறிதளவு கால்சியம் கலந்தே இருக்கும், அதுவே போதுமானது. 1950களின் ஆய்வகங்களிலும் இதே கலப்புத்தான் கால்சியத்தின் பங்கை மறைத்து வைத்திருந்தது. 1960களில் சப்பானியரான செட்சுரோ எபாஷி ட்ரோபோனினைக் கண்டறிந்த பின்னரே அப்பங்கு முழுமையாகத் தெளிவாயிற்று.

மதிப்பீடு

"தசைச் சுருக்கத்தின் படிகளை விவரி" என்பதே தேர்வுகளில் நெடுங்காலமாகக் கேட்கப்படும் வினா. திருத்துவதற்கு இது எளிது, குறிச்சொற்களைத் தேடி மதிப்பெண் இட்டுவிடலாம். விளங்காமலே எழுதக்கூடிய வினாவும் இதுவே. "படம் வரைந்து பாகங்களைக் குறி" என்பதும் இத்தகையதே. பாடநூல் படத்தை அப்படியே வரைந்த மாணவரிடம், அதே சார்கோமியரைப் பாதியளவு சுருங்கிய நிலையில் வரையச் சொன்னால், பலர் எல்லாவற்றையும் சிறிதாக்கி வரைவர். அந்த இரண்டாவது படத்திற்குத்தான் மதிப்பெண் ஒதுக்கப்பட வேண்டும்.

எண்களைக் கொண்டு கேட்பது பயனுள்ள வழி. தடித்த இழை 1.6 மைக்ரோமீட்டர், மெல்லிய இழை ஒவ்வொன்றும் 1.0 மைக்ரோமீட்டர் எனத் தந்து, சார்கோமியர் 2.8 இலிருந்து 2.2 ஆகக் குறைந்தால் ஒவ்வொரு பகுதியும் என்னவாகும் என்று கேட்கலாம். ஏ பட்டை இரு நிலைகளிலும் 1.6 ஆகவே இருக்கும். ஒரு சார்கோமியருக்குள் அடங்கும் ஐ பட்டைப் பகுதி மொத்தமாக 1.2 இலிருந்து 0.6 ஆகும். எச் மண்டலம் 0.8 இலிருந்து 0.2 ஆகும். ஒவ்வொரு பக்கத்திலும் இழைகள் மேற்படியும் நீளம் 0.4 இலிருந்து 0.7 ஆகக் கூடும். கழித்தலும் கூட்டலும் தவிர வேறு கணக்கு இதில் இல்லை. இழைகள் குறுகும் என நம்பும் மாணவரால் இதனைச் சரியாக முடிக்க இயலாது.

அதே எண்களைத் தொடர்ந்து, 4.4 சென்டிமீட்டர் நீளமுள்ள தசைநாரில் 2.2 மைக்ரோமீட்டர் சார்கோமியர்கள் எத்தனை தொடராக இருக்கும் எனக் கேட்கலாம். 20,000 என்பது விடை. ஒவ்வொன்றும் 0.2 மைக்ரோமீட்டர் மட்டும் குறுகினால் தசைநார் 4 மில்லிமீட்டர் குறுகும். கண்ணுக்குத் தெரியாத அசைவு கையை மடக்கும் அசைவாக மாறுவது எப்படி என்பது இதனால் விளங்கும்.

குறுக்குவெட்டு வினா இன்னொரு வகை. சார்கோமியரின் மூன்று இடங்களில் வெட்டிய முகங்களைப் புள்ளிகளாக வரைந்து கொடுத்து, எது எவ்விடம் எனக் கேட்பர். சிறு புள்ளிகள் மட்டும் இருந்தால் ஐ பட்டை, பெரும் புள்ளிகள் மட்டும் இருந்தால் எச் மண்டலம், ஒவ்வொரு பெரும் புள்ளியைச் சுற்றியும் ஆறு சிறு புள்ளிகள் இருந்தால் இழைகள் மேற்படியும் பகுதி.

நஞ்சுகளைக் கொண்டு கேட்கும் வினாக்கள் படிகளின் வரிசையை உண்மையாகச் சோதிப்பவை. குராரே என்ற தென்னமெரிக்க அம்பு நஞ்சு செலுத்தப்பட்ட தவளையில் நரம்பைத் தூண்டினால் தசை அசையாது, தசையையே நேரடியாகத் தூண்டினால் சுருங்கும். 19 ஆம் நூற்றாண்டில் பிரான்சின் கிளாட் பெர்னார்ட் கண்டது இது. நஞ்சு எங்கே தாக்குகிறது என்று மாணவர் தாமே உய்த்தறியலாம். அசிட்டைல்கோலினைச் சிதைக்கும் நொதியைத் தடுக்கும் பூச்சிக்கொல்லிகள் தசைத் துடிப்பையும் பின்னர்ச் செயலிழப்பையும் உண்டாக்குவது ஏன் என்பதும் இவ்வகை வினாவே.

கால்சியம் பற்றிய நல்ல வினா ஒன்றை 1880களில் இலண்டனில் சிட்னி ரிங்கர் செய்த ஆய்விலிருந்து எடுக்கலாம். குழாய் நீரில் செய்த உப்புக் கரைசலில் தவளையின் இதயம் துடித்துக்கொண்டிருந்தது. வாலைவடிநீரில் செய்த கரைசலில் நின்றுவிட்டது. குழாய் நீரில் இருந்த கால்சியமே வேறுபாடு. கால்சியம் இல்லாத அதே கரைசலில் வைத்த எலும்புத் தசையை நேரடியாகத் தூண்டினால் சிறிது நேரம் சுருங்கும். ஏன்? எலும்புத் தசை தன் சேமிப்பிலிருந்து கால்சியத்தை எடுக்கிறது, தவளையின் இதயத் தசையோ வெளியிலிருந்து வருவதைப் பெரிதும் நம்பியுள்ளது.

பலவுள் தெரிவு வினாக்களில் தவறான விடைகளைத் தேர்ந்தெடுப்பதே கடினம். பொருந்தாத சொற்களை இட்டு நிரப்புவதால் பயனில்லை. "மெல்லிய இழை குறுகுகிறது", "கால்சியம் மையோசின் தலையோடு இணைகிறது", "முப்பாஸ்பேட்டு தீர்ந்தால் தசை தளர்கிறது" ஆகியவை மாணவர் உண்மையாகவே நம்புபவை. இவற்றை விடைத்தெரிவுகளாக வைத்தால், எத்தனை பேர் எந்தப் பிழையில் நிற்கின்றனர் என்பதை ஆசிரியர் ஒரே பார்வையில் அறியலாம்.

திருத்தும்போது எழும் ஒரு சிக்கலையும் இங்குக் குறிப்பிட வேண்டும். தனித் தசைநார் ஒன்று தூண்டப்பட்டால் அதில் கிளர்ச்சி முழுமையாகப் பரவும், இல்லையேல் பரவாது. முழுத் தசையோ மெல்லவும் இழுக்கும், வலிந்தும் இழுக்கும். எத்தனை நரம்பலகுகள் தூண்டப்படுகின்றன, எவ்வளவு விரைவாகத் தூண்டப்படுகின்றன என்பவற்றைப் பொறுத்து அது மாறும். "தசை முழுமையாகச் சுருங்கும் அல்லது சுருங்கவே சுருங்காது" என்று எழுதியவர் எதனைப் பற்றி எழுதினார் என்று பாராமல் மதிப்பெண் இடுவதும், குறைப்பதும் முறையன்று. வினாவிலேயே தசைநாரா, தசையா என்று குறிப்பிட்டுவிட்டால் இச்சிக்கல் எழாது.

பிற தசைகள்

மேற்கூறியவை எலும்புத் தசைக்கு உரியவை. இதயத் தசையிலும் சார்கோமியரும் ட்ரோபோனினும் உண்டு. குடல், இரத்தக் குழாய் ஆகியவற்றின் வரியற்ற தசையில் ஆக்டினும் மையோசினும் இருந்தாலும், அவை சார்கோமியர்களாக அடுக்கப்படவில்லை, ட்ரோபோனினும் இல்லை. அங்குக் கால்சியம் கால்மோடுலின் என்ற புரதத்தோடு இணைந்து, மையோசினில் பாஸ்பேட்டைச் சேர்க்கும் நொதியைத் தூண்டுகிறது. அதாவது அங்குத் திறக்கப்படுவது மெல்லிய இழையின் பூட்டு அன்று, தடித்த இழையின் பூட்டு. ஆகையால் "எல்லாத் தசைகளிலும் கால்சியம் ட்ரோபோனினோடு இணைகிறது" என்ற கூற்றைச் சரியா தவறா வினாவாக இட்டால், அதற்குரிய விடை தவறு என்பதே ஆகும்.